தாழ்வட்டப் பாதைச் செயற்கைக்கோள்கள்: உயரம் கொடுப்பதும் கெடுப்பதும்

ஒரு செயற்கைக்கோளைப் பற்றி ஒரே ஒரு கேள்விதான் கேட்கலாம் என்றால், அது எத்தனை கி.மீ. உயரத்தில் சுற்றுகிறது என்றுதான் கேட்பேன். யார் அனுப்பியது, எவ்வளவு செலவு, என்ன எடை என்பதெல்லாம் அப்புறம். உயரம் தெரிந்துவிட்டால் அது எவ்வளவு வேகத்தில் ஓடும், ஓர் ஊரின் தலைக்கு மேல் எத்தனை நிமிடம் இருக்கும், அதன் வழியாகப் பேசினால் எவ்வளவு தாமதமாகும், செயலிழந்த பிறகு எத்தனை காலம் மேலேயே கிடக்கும் என்பதையெல்லாம் ஏறக்குறையச் சொல்லிவிடலாம். தாழ்வட்டப் பாதைச் செயற்கைக்கோள்களின் நன்மைகளையும் சிக்கல்களையும் தனித்தனியாகப் பட்டியல் போடுவது வழக்கம். என்னைக் கேட்டால் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: அவை தரைக்குப் பக்கத்தில் சுற்றுகின்றன.

தரையிலிருந்து சுமார் 160 கி.மீ. முதல் 2,000 கி.மீ. வரை உள்ள பகுதியைத்தான் தாழ்வட்டப் பாதை என்கிறார்கள். சர்வதேச விண்வெளி நிலையம் சுமார் 400 கி.மீ. உயரத்தில் இருக்கிறது. ஸ்டார்லிங்கின் இணையச் செயற்கைக்கோள்களில் பெரும்பாலானவை 550 கி.மீ.க்கு அக்கம்பக்கத்தில். அதேபோன்ற இன்னொரு இணையச் சேவையான ஒன்வெப் தேர்ந்தெடுத்தது 1,200 கி.மீ. பழைய டிவி டிஷ்கள் பார்த்துக்கொண்டிருக்கும் புவிநிலைச் செயற்கைக்கோள்களோ 35,786 கி.மீ. உயரத்தில் இருக்கின்றன. 1957 அக்டோபர் 4-ல் ஏவப்பட்ட முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக்கும் தாழ்வட்டப் பாதையில்தான் சுற்றியது. மூன்றே மாதத்தில் காற்றில் உரசி எரிந்துபோனது.

விழுந்துகொண்டே இருப்பது

மேலே போனால் ஈர்ப்பு விசை இருக்காது என்று பலரும் நம்புகிறார்கள். 400 கி.மீ. உயரத்தில், தரையில் இருக்கும் ஈர்ப்பில் ஏறக்குறைய 90 சதவீதம் அப்படியே இருக்கிறது. செயற்கைக்கோள் அந்த ஈர்ப்பில் விழுந்துகொண்டேதான் இருக்கிறது. அதைக் காப்பாற்றுவது பக்கவாட்டு வேகம். 550 கி.மீ. உயரத்தில் ஒரு நொடியில் அது 7.6 கி.மீ. முன்னே ஓடுகிறது, அதே நொடியில் நான்கு மீட்டர் சொச்சம் கீழே விழுகிறது. அந்த உயரத்தில் பூமியைச் சுற்றி ஒரு வட்டம் வரைந்தால், 7.6 கி.மீ. தூரத்துக்குள் அந்த வட்டமும் அதே நான்கு மீட்டர் சொச்சம் வளைந்து இறங்கியிருக்கும். விழுந்த அளவும் வளைந்த அளவும் சமமாக இருப்பதால் தரைக்கும் அதற்கும் உள்ள இடைவெளி மாறுவதில்லை. இதற்கு என்ஜின் ஓடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

உயரம் கூடக் கூட வேகம் குறையும், சுற்றும் நேரம் நீளும். விண்வெளி நிலையம் சுமார் 92 நிமிடத்தில் ஒரு சுற்று முடிக்கிறது. அதில் இருப்பவர்கள் 24 மணி நேரத்தில் 16 முறை சூரிய உதயம் பார்க்கிறார்கள். 35,786 கி.மீ.யில் வேகம் நொடிக்கு 3 கி.மீ. அளவுக்குக் குறைந்து, ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஒரு முழு நாள் ஆகிறது. பூமியும் அதே கணக்கில் சுழல்வதால் அந்தச் செயற்கைக்கோள் வானத்தில் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தெரியும்.

தாழ்வட்டப் பாதையில் ஒரு தொந்தரவு உண்டு: அங்கேயும் காற்று இருக்கிறது. மிக மிக மெல்லிய காற்றுதான், ஆனால் நொடிக்கு ஏழரை கி.மீ. வேகத்தில் ஓடும் பொருளுக்கு அதுவே தடை. அது இழுக்க இழுக்க பாதை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். ஆகவே த்ரஸ்டர் எனப்படும் சின்ன உந்து என்ஜின்களைக் கொண்டு அவ்வப்போது பாதையை உயர்த்திக்கொள்ள வேண்டும். சூரியன் கொந்தளிக்கும் காலத்தில் மேல் வளிமண்டலம் சூடாகி உப்பும், தடையும் கூடும். 1973-ல் அனுப்பப்பட்ட அமெரிக்காவின் ஸ்கைலேப் விண்வெளி நிலையம் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரமாக 1979 ஜூலையில் விழுந்ததற்கு இதுதான் முக்கியக் காரணம். அதன் துண்டுகள் மேற்கு ஆஸ்திரேலியாவில் சிதறின.

2022 பிப்ரவரி 3-ல் நடந்தது இன்னும் துலக்கமான உதாரணம். அன்று ஸ்டார்லிங்கின் 49 செயற்கைக்கோள்கள் ஏவப்பட்டன. முதலில் 210 கி.மீ. உயரத்தில் இறக்கிவிட்டு, சோதித்துப் பார்த்து, பிறகு த்ரஸ்டர் மூலம் மேலே ஏற்றுவது திட்டம். அடுத்த நாளே சூரியக் கொந்தளிப்பால் ஒரு காந்தப் புயல். காற்றுத் தடை முந்தைய ஏவல்களைவிட 50 சதவீதம் வரை கூடியது. தடையைக் குறைக்க, காற்றுக்கு விளிம்பைக் காட்டிப் பறக்கும்படி அவற்றைத் திருப்பிப் பார்த்தார்கள். போதவில்லை. 40 வரை எரிந்து விழுந்தன. இதைப் பலரும் தோல்விக் கதையாகச் சொல்கிறார்கள். எனக்கு அதில் மதிக்க வேண்டிய ஒரு முடிவு தெரிகிறது. அவ்வளவு தாழ்வாக இறக்கிவிட்டதே, பழுதானவை தாமாகச் சீக்கிரம் விழுந்து எரியட்டும் என்பதற்காகத்தான். அவை நஷ்டமாயின, ஆனால் மேலே குப்பையாகத் தங்கவில்லை.

நான்கு நிமிட உறவு

புவிநிலைச் செயற்கைக்கோள் ஒன்று பூமியின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பார்க்கும். துருவப் பகுதிகளைத் தவிர்த்து மீதியை மூன்று செயற்கைக்கோள்கள் பார்த்துக்கொள்ளும். 550 கி.மீ.யில் அந்த வசதி இல்லை. அடிவானத்தை ஒட்டி வரும் சிக்னலை மரமும் கட்டடமும் மறைத்துவிடும் என்பதால், அடிவானத்திலிருந்து 25 டிகிரிக்கு மேல் இருக்கும்போதுதான் உருப்படியாகப் பயன்படும் என்று வைத்துக்கொள்வோம். அப்போது ஒரு செயற்கைக்கோள் நேர் தலைக்கு மேலே கடந்து போனால்கூட நான்கரை நிமிடத்துக்குள் கைநழுவிப் போய்விடும். அதற்குள் அடுத்தது வந்திருக்க வேண்டும். நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் அனுப்புவதற்குக் காரணம் இதுதான்.

தரையில் இருக்கும் தட்டையான டிஷ் செய்யும் வேலையை நான் எப்போது நினைத்தாலும் வியப்பாகவே இருக்கிறது. அதன் பரப்புக்குள் சின்னச் சின்ன ஆன்டெனாக்கள் வரிசை வரிசையாகப் பதிக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் அதே சிக்னலை ஒரு நொடியின் நுண்ணிய பின்னம் முன்னே பின்னே அனுப்புகிறது. அந்த அலைகள் ஒன்றோடொன்று கூடி ஒரு திசையில் மட்டும் வலுவாகவும் மற்றத் திசைகளில் வலுவிழந்தும் போகின்றன. தாமதத்தை மாற்றினால் கற்றையின் திசை மாறும். மோட்டார் எதுவும் அசையாமலேயே டிஷ் வானத்தில் ஓடும் செயற்கைக்கோளைத் துரத்துகிறது, அது மறையும் முன் அடுத்ததற்குத் தாவுகிறது. இதற்கிடையே டாப்ளர் விளைவையும் சமாளிக்க வேண்டும். செயற்கைக்கோள் நெருங்கும்போது அலைவரிசை மேலே நகரும், விலகும்போது கீழே இறங்கும். 12 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இந்த நகர்வு லட்சக்கணக்கான ஹெர்ட்ஸ் வரை போகும். இது எல்லாம் நடக்கும்போது வீடியோ அழைப்பில் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது.

செயற்கைக்கோள்கள் தங்களுக்குள் லேசர் மூலம் பேசிக்கொள்வது அடுத்த கட்டம். பக்கத்தில் தரைநிலையம் இல்லாத நடுக்கடலிலும் சேவை கிடைப்பது இதனால்தான். வெற்றிடத்தில் ஒளி நொடிக்கு 3 லட்சம் கி.மீ. போகும், ஃபைபர் கேபிளின் கண்ணாடிக்குள் 2 லட்சம்தான். ஆக, கண்டம் விட்டுக் கண்டம் போகும் நீண்ட தூரங்களில் விண்வெளி லேசர் வழி கடலடிக் கேபிளையே முந்த வாய்ப்பு இருக்கிறது.

இது புதிய யோசனை அல்ல. 780 கி.மீ. உயரத்தில் 66 செயற்கைக்கோள்கள், ஒன்றுக்கொன்று இணைப்பு, உலகம் முழுக்க போன் சேவை என்று 1998-ல் இரிடியம் நிறுவனம் தொடங்கிவிட்டது. தொழில்நுட்பம் வேலை செய்தது. வாடிக்கையாளர்தான் கிடைக்கவில்லை, அடுத்த ஆண்டே திவாலானது. பிறகு கைமாறி இன்றும் ஓடுகிறது. அன்றைக்கும் இன்றைக்கும் பெரிய வித்தியாசம், முதல் அடுக்கைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் ராக்கெட்டுகள் வந்து ஏவும் செலவு சரிந்ததுதான்.

பக்கத்தில் இருப்பதன் பலன்

புவிநிலைச் செயற்கைக்கோள் வழியாக ஒரு கேள்வி மேலே போய்க் கீழே இறங்க சுமார் 71,600 கி.மீ. பயணம். அதற்கு மட்டும் கால் நொடி. பதிலும் அதே வழியில் வர வேண்டும் என்பதால் அரை நொடி. போனில் இருவரும் ஒரே நேரத்தில் பேசி, ஒரே நேரத்தில் நிறுத்தி, மறுபடி ஒரே நேரத்தில் ஆரம்பிக்கும் எரிச்சல் இதனால்தான் வருகிறது. இணையப் பக்கம் ஒன்று திறக்க இப்படிப் பல முறை போய் வர வேண்டியிருப்பதால் எல்லாமே இழுக்கும். 550 கி.மீ.யில் கேள்வியும் பதிலும் சேர்ந்து சுமார் 2,200 கி.மீ.தான். ஒளிக்கு 7 மில்லி நொடி வேலை. தரை நெட்வொர்க்கின் தாமதமும் சேர்ந்து நடைமுறையில் சில பத்து மில்லி நொடிகளில் முடிந்துவிடுகிறது.

அடுத்தது சிக்னலின் வலு. தூரம் இரண்டு மடங்கானால் வலு நான்கில் ஒரு பங்காகும். 35,786 கி.மீ.க்கும் 550 கி.மீ.க்கும் 65 மடங்கு வித்தியாசம். அதே அளவு மின்திறன், அதே ஆன்டெனா என்றால் சிக்னல் வலுவில் 4,200 மடங்கு. சாதாரண கைப்பேசிக்கே நேரடியாக மெசேஜ் அனுப்பும் முயற்சிகள் சாத்தியமானது இதனால்தான். கைப்பேசியின் ஆன்டெனா மிகச் சிறியது என்பதால் செயற்கைக்கோளின் ஆன்டெனா பெரிதாக வேண்டும். 2022-ல் ஏவப்பட்ட புளூவாக்கர் 3 சோதனைச் செயற்கைக்கோளின் ஆன்டெனா 64 சதுர மீட்டர்.

அதே 2022-ன் ஜனவரியில் டோங்கா தீவுகளில் எரிமலை வெடித்துக் கடலடிக் கேபிள் அறுந்தது. சரிசெய்ய ஐந்து வாரம் ஆனது. அதுவரை அந்த நாட்டை வெளியுலகோடு இணைத்தது செயற்கைக்கோள்கள்தான். கேபிளே போய்ச் சேராத இடங்களுக்கும், கேபிள் அறுந்துபோன நாட்களுக்கும் இதைவிட நல்ல பதில் இப்போதைக்கு இல்லை.

ஆனாலும் இணையத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, தாழ்வட்டப் பாதை நமக்குக் கொடுத்திருக்கும் கண்கள். லேண்ட்சாட் வரிசைச் செயற்கைக்கோள்கள் 1972 முதல் பூமியைப் படம்பிடித்து வருகின்றன. காடு குறைவதும் ஏரி வற்றுவதும் பனிப்பாறை பின்வாங்குவதும் அரை நூற்றாண்டுத் தொடர்ச்சியாகப் பதிவாகியிருக்கின்றன. ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் இரண்டு சேர்ந்து ஐந்து நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்தை 10 மீட்டர் துல்லியத்தில் பார்க்கின்றன. நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து 2025 ஜூலையில் அனுப்பிய நிசார், மேகத்தையும் இருட்டையும் ஊடுருவும் ரேடாரால் நிலம் சென்டிமீட்டர் கணக்கில் நகர்வதைக்கூட அளக்க வல்லது. இவற்றில் பலவும் சூரிய ஒத்திசைவுப் பாதையில் சுற்றுகின்றன. பூமியின் இடுப்பு சற்றுப் பருத்திருப்பதால், துருவங்களை ஒட்டிச் செல்லும் சாய்ந்த பாதையின் தளம் நாளுக்கு ஏறக்குறைய ஒரு டிகிரி தானாகத் திரும்புகிறது. சூரியனைச் சுற்றிப் பூமி நகரும் அளவும் அதுவேதான். ஆகவே எந்த இடத்தைக் கடந்தாலும் அங்கே எப்போதும் அதே மணி, ஆண்டின் அதே பருவத்தில் அதே சாய்வில் நிழல். ஐந்து ஆண்டு இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களை நம்பி ஒப்பிட முடிவது இதனால்தான்.

யார் விலை கொடுப்பது

சரி, சிக்கல்களுக்கு வருவோம். சின்னது முதலில். ஒரு செயற்கைக்கோள் பெரும்பாலான நேரம் கடல் மேல்தான் பறக்கிறது. அப்போது அதன் திறனில் பெரும்பகுதி வீண். நெருக்கமான நகரத்துக்கு மேல் வரும்போதோ, எல்லோரும் பங்குபோட்டுக்கொள்வதால் போதாமல் போகிறது. நகரங்களில் ஃபைபருக்கு மாற்றாக இதை நினைப்பது வீண் ஆசை. அதோடு ஐந்தாண்டுக்கு ஒருமுறை படையையே மாற்றிக்கொண்டிருக்க வேண்டும்.

பெரிய சிக்கல் மோதல். 2009 பிப்ரவரி 10-ல் இயங்கிக்கொண்டிருந்த இரிடியம் 33-ம், செயலிழந்து கிடந்த ரஷ்யாவின் காஸ்மாஸ் 2251-ம் சைபீரியாவுக்கு மேலே மோதிக்கொண்டன. அரை கி.மீ.க்கு மேல் இடைவெளி விட்டுக் கடக்கும் என்பதுதான் முன்கணிப்பு. ஒன்றையொன்று நெருங்கிய வேகம் நொடிக்கு 11 கி.மீ.க்கு மேல். கண்காணிக்கக்கூடிய அளவிலேயே சுமார் 2,000 துண்டுகள் உருவாயின. இது விபத்து. வேண்டுமென்றே செய்ததும் உண்டு. 2007-ல் சீனா தன் பழைய வானிலைச் செயற்கைக்கோளை ஏவுகணையால் உடைத்து 3,000-க்கும் மேற்பட்ட துண்டுகளைப் பரப்பியது. 2019-ல் இந்தியா செய்த சோதனை 300 கி.மீ.க்குக் கீழே நடந்ததால் பெரும்பாலான துண்டுகள் சில மாதங்களில் எரிந்தன. 2021-ல் ரஷ்யா செய்ததில் 1,500-க்கும் மேல் துண்டுகள். விண்வெளி நிலையத்தில் இருந்தவர்கள் திரும்பி வரும் விண்கலங்களுக்குள் போய்ப் பதுங்க வேண்டியிருந்தது.

துண்டு எவ்வளவு சின்னதாக இருந்தால் கவலைப்பட வேண்டும்? ஒரு சென்டிமீட்டர் விட்டமுள்ள அலுமினிய உருண்டையின் எடை ஒன்றரை கிராம்கூட இல்லை. நொடிக்கு 10 கி.மீ. வேகத்தில் அதன் ஆற்றல், ஒரு டன் எடையுள்ள கார் மணிக்கு 43 கி.மீ. வேகத்தில் வந்து மோதும் ஆற்றலுக்குச் சமம். அந்த அளவுள்ளதும் அதைவிடப் பெரியதுமாகப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட துண்டுகள் இருப்பதாக ஐரோப்பிய விண்வெளி முகமை மதிப்பிடுகிறது. அவற்றில் ரேடாரில் சிக்கித் தொடர்ந்து பின்தொடரப்படுபவை சில பத்தாயிரங்கள் மட்டுமே. மோதல் துண்டுகளைப் பெருக்கும், துண்டுகள் மோதலைப் பெருக்கும் என்று நாசா விஞ்ஞானிகள் டொனால்ட் கெஸ்லரும் பர்ட்டன் கூர்-பலேயும் 1978-லேயே கணக்குப் போட்டுக் காட்டியிருந்தார்கள்.

இங்கேதான் உயரம் மறுபடியும் தீர்ப்புச் சொல்கிறது. 550 கி.மீ.யில் செயலிழந்த செயற்கைக்கோளைக் காற்றே சில ஆண்டுகளில் இழுத்து இறக்கிவிடும். 800 கி.மீ.யில் அதற்கு நூறு ஆண்டுக்கு மேல். 1,200 கி.மீ.யில் ஆயிரம் ஆண்டு கணக்கு. அமெரிக்கா 1958-ல் அனுப்பிய வேன்கார்ட் 1, 1964-ல் பேச்சை நிறுத்திவிட்டது, 650 கி.மீ.க்குக் கீழே வராத நீள்வட்டப் பாதை என்பதால் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. உயரத்தில் சுற்றினால் குறைந்த எண்ணிக்கையில் உலகத்தை மூடிவிடலாம், அது உண்மையான லாபம். ஆனால் ஒரு நிறுவனத்தின் ஆயுளைவிட நூறு மடங்கு நீளமான கடனை அடுத்த தலைமுறைகள் மேல் வைக்கும் லாபம் அது. நான் தாழ்ந்த உயரத்தின் பக்கம்தான்.

ஒருங்கிணைப்பும் இன்னும் பிஞ்சாகத்தான் இருக்கிறது. 2019 செப்டம்பரில் ஐரோப்பாவின் ஏயோலஸ் செயற்கைக்கோள் ஒரு ஸ்டார்லிங்க்கோடு மோதும் வாய்ப்பு, ஐரோப்பிய விண்வெளி முகமை வைத்திருந்த 10,000-ல் 1 என்ற வரம்பைத் தாண்டியது. ஏயோலஸ்தான் விலகிப் போனது. யார் விலக வேண்டும் என்று சொல்லும் கட்டாய விதி எதுவும் இல்லை. மின்னஞ்சலில் பேசிக்கொண்டார்கள், அதிலும் தகவல் இடையில் தவறியது.

வானியலாளர்களின் கவலை வேறு மாதிரி. சூரியன் மறைந்த பிறகும் மேலே இருக்கும் செயற்கைக்கோள்மீது வெயில் படும். தொலைநோக்கிப் படத்தில் அது வெள்ளைக் கோடாக விழும். தாழ்வானவை சீக்கிரம் பூமியின் நிழலுக்குள் போய்விடும், உயரமானவை கோடைக்காலத்தில் இரவெல்லாம்கூட மின்னும். ஒளியைக் குறைக்கும் பூச்சுகளும் மறைப்புகளும் ஓரளவு உதவியிருக்கின்றன. ரேடியோ தொலைநோக்கிகளுக்கு அவை உதவாது; செயற்கைக்கோள்களின் மின்னணுக் கருவிகளிலிருந்து கசியும் அலைகளே அவற்றுக்குத் தொந்தரவாக இருப்பது 2023-ல் பதிவாகியிருக்கிறது.

எரிந்து விழுந்தால் எல்லாம் முடிந்தது என்றும் சொல்ல முடியாது. ஓசோன் படலம் இருக்கும் அடுக்கு மண்டலத்தில் (ஸ்ட்ராடோஸ்பியர்) மிதக்கும் கந்தக அமிலத் துகள்களில் சுமார் 10 சதவீதத்தில், விண்கலங்களும் ராக்கெட்டுகளும் எரிந்ததால் வந்த அலுமினியம் போன்ற உலோகங்கள் கலந்திருப்பதை 2023-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஓசோன் படலத்துக்கு இது என்ன செய்யும் என்பது இப்போது நடந்துகொண்டிருக்கும் ஆராய்ச்சி. தாழ்ந்த உயரத்தை ஆதரிக்கும் என்னைப் போன்றவர்களுக்கு இது சங்கடமான விஷயம், ஏனென்றால் சீக்கிரம் எரியட்டும் என்பதுதான் எங்கள் வாதத்தின் அடித்தளமே.

சட்டம் என்ன சொல்கிறது? 1967 விண்வெளி ஒப்பந்தப்படி, தனியார் அனுப்பினாலும் பொறுப்பு அந்த நாட்டுக்குத்தான். 1978-ல் சோவியத்தின் அணு உலை பொருத்திய காஸ்மாஸ் 954 கனடாவில் விழுந்தபோது, கனடா 60 லட்சம் கனடிய டாலர் கேட்டு, 1981-ல் 30 லட்சத்துக்கு உடன்பட்டது. தரையில் விழுந்தால் கேட்க வழி இருக்கிறது. பாதையை நெரிசலாக்கினால் கேட்க வழி இல்லை. ஆயுள் முடிந்த செயற்கைக்கோளை 25 ஆண்டுக்குள் இறக்கினால் போதும் என்ற பழைய வழிகாட்டலை, அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் 2022-ல் ஐந்து ஆண்டாகச் சுருக்கியது. அந்த ஆணையத்தின் உரிமம் வேண்டுபவர்களை மட்டும்தான் அது கட்டுப்படுத்தும். எல்லா நாடுகளும் அதே ஐந்தாண்டைச் சட்டமாக்க வேண்டும் என்பது என் கட்சி.

ஏற்கெனவே மேலே கிடப்பவற்றை எடுக்கும் வேலையும் தொடங்கியிருக்கிறது. ஜப்பானின் அட்ராஸ்-ஜே விண்கலம் 2024-ல், 2009 முதல் மேலே கிடக்கும் சுமார் மூன்று டன் எடையுள்ள ராக்கெட் அடுக்கு ஒன்றைத் தேடிக் கண்டுபிடித்து, அதைச் சுற்றி வந்து படம் எடுத்து, 15 மீட்டர் வரை நெருங்கியது. அடுத்த விண்கலத்துக்கான வேலை, அதை ரோபோ கையால் பிடித்துக் கீழே இறக்குவது.